கடல் அட்டைக்கும் சினைக்காலம் உண்டு



சில மாதங்களுக்கு முன்பு கடலோரக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது. தவணை வரவு எழுதியாயிற்று. "வேற யாருக்காச்சும் கடன் தேவை இருக்கா?" என்று ஊக்குநர் கேட்டதும் ஒரு உறுப்பினர் எழுந்து 20,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்று கேட்டால் முதலில் பதில் வரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அட்டை வாங்கிக் குடுத்தா போட்ட காசு இரட்டிப்பா வரும்னு ஒரு வியாபாரி சொல்றாருக்கா" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அதெல்லாம் கேஸ் ஆயிரும், வேண்டாம்" என்று ஒரு பக்கம். "கடல்ல தானா முளைக்கிற சாமான்தானே, இன்னைக்கு எடுத்தா நாளைக்கு வந்துரும், யாருக்கு என்ன நட்டம்" என்று இன்னொரு பக்கம். மூலையில் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், "எங்க காலத்துல பாசி எடுக்கப் போனா கால் வைக்க எடம் இல்லாம கெடந்துச்சு. தானா முளைக்கிறதுன்னா இப்ப எங்க போச்சாம்?" என்று கேட்டார். அப்போது ஒரு இளம்பெண் கேட்ட கேள்விதான் எங்களை யோசிக்க வைத்தது. "அது சரி, அட்டைக்கு ஆம்பள பொம்பள உண்டா? முட்டை போடுமா, குட்டி போடுமா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. சொன்னால் வெட்கம், எங்களுக்கும் தெரியவில்லை. கடன் மனுவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்து, தீர்மான நோட்டில் எழுதிவிட்டு வந்தோம். பிறகு படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் சேகரித்ததை இங்கே எழுதியிருக்கிறோம். கடலைப் பார்க்காத உள்ளூர்க் குழுக்களின் சகோதரிகளும் படியுங்கள். ஆடு மாடு சினை பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு வேடிக்கையான கதை.

அட்டை என்றால் ரத்தம் குடிக்கும் அட்டை இல்லை

பெயரைக் கேட்டதும் மழைக்காலத்தில் காலில் ஒட்டும் அட்டைதான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடல் அட்டை யாரையும் கடிக்காது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் அதற்குச் சொந்தக்காரர்கள். ஆங்கிலத்தில் இதைக் கடல் வெள்ளரிக்காய் என்றே சொல்கிறார்கள். பார்க்கவும் அப்படித்தான், முற்றிய வெள்ளரிக்காய்க்குத் தோல் சொரசொரப்பாக இருந்தால் எப்படி இருக்கும், அதே மாதிரி.

அதன் வேலை மண்ணைத் தின்பது. வாயைச் சுற்றியுள்ள விரல் போன்ற உணர்கொம்புகளால் கடலடி மணலை அள்ளி உள்ளே தள்ளும். மணலில் ஒட்டியிருக்கும் மக்கிய சத்தை எடுத்துக்கொண்டு மணலைச் சுத்தமாக வெளியே விடும். வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலடிக்கு அட்டை அப்படி. மூச்சு விடுவது எதனால் தெரியுமா? பின்பக்கத் துவாரத்தால். கூட்டத்தில் இதைச் சொன்னபோது பத்து நிமிடம் சிரிப்பு அடங்கவில்லை.

நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பல வகை அட்டைகள் உண்டு. தொட்டால் வெள்ளை நூலாகப் பசை கக்கும் நூல் அட்டையைப் பாசி எடுக்கப் போகிற பெண்கள் அறிவார்கள். வியாபாரத்தில் விலை போவது வெள்ளை அட்டை. மேலே சாம்பல் நிறமாகவும் அடியில் வெளுப்பாகவும் இருக்கும். கடல்புல் வளர்ந்த சேற்று மணலில் பாதி புதைந்தபடி கிடக்கும். உலகம் முழுவதும் வெப்பக் கடல்களில் அதிகம் ஆராயப்பட்ட அட்டையும் இதுதான். அதனால் இதையே முக்கியமாக வைத்துச் சொல்கிறோம்.

ஆண், பெண் உண்டா?

உண்டு. ஆனால் வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆட்டில் கிடாய், பெட்டை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறோம். அட்டையில் இரண்டும் ஒரே நிறம், ஒரே பருமன், ஒரே நடை. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே தலைப்பக்கத்தில், மெல்லிய சேமியாவைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி குழாய்கள் இருக்கும். அதுதான் அதன் சினைப்பை. ஒரே ஒரு கொத்துதான் உண்டு. முற்றிய காலத்தில் ஆணுக்கு அந்தக் கொத்து பால் வெள்ளையாக இருக்கும். பெண்ணுக்கு லேசான மஞ்சளாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். தலைக்கு மேல்புறம் ஊசித்துளை அளவில் ஒரு வாசல். முட்டையோ விந்தோ வெளியே வருவது அந்த வழியாகத்தான்.

பிறந்தவுடன் இது நடக்காது. வெள்ளை அட்டை பருவத்துக்கு வர ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். அப்போது அது ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். அதற்கும் கீழே இருப்பதெல்லாம் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட முட்டை விடாத குழந்தை.

முட்டை விடும் நாள்

ஆணும் பெண்ணும் சேருவது என்பது அட்டையில் கிடையாது. ஆண் தன் விந்தைக் கடல் தண்ணீரில் விடும், பெண் தன் முட்டையைக் கடல் தண்ணீரில் விடும். இரண்டும் தண்ணீரில் சந்தித்தால் கரு, சந்திக்காவிட்டால் ஒன்றும் இல்லை. மற்ற நாட்களில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற பிராணி, அன்றைக்கு மட்டும் எழுந்து நிற்கும். உடம்பின் முன்பாதியைப் பாம்பு படம் எடுக்கிற மாதிரித் தூக்கி, இப்படியும் அப்படியும் மெல்ல ஆடும்.

பெரும்பாலும் ஆண்தான் முதலில் தொடங்கும். தலையிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி விந்து வெளியேறித் தண்ணீரில் கலையும். இது விட்டுவிட்டு நெடுநேரம் நடக்கும். அந்த வாடை தண்ணீரில் பரவியதும் பக்கத்திலுள்ள பெண் அட்டைகளுக்குத் தகவல் போய்விடுகிறது. அரை மணியோ ஒரு மணியோ கழித்துப் பெண்ணின் தலைப்பக்கம் புடைக்கும். பிறகு பீச்சாங்குழல் மாதிரி ஒரே வீச்சில் முட்டையைப் பீய்ச்சி அடிக்கும். ஒரு பெண் வெள்ளை அட்டை ஒரு சமயத்தில் விடும் முட்டை பத்து லட்சத்தைத் தொடும், பெரிய அட்டையானால் அதற்கும் மேலே. ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். வெறும் கண்ணுக்குத் தூசி.

இது நடப்பது பெரும்பாலும் சாயங்காலமோ இரவிலோ. பல இடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். கடல் ஏற்ற இறக்கம் அதிகமான நாட்கள் அவை. ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டுமே, யாரிடம் நாள் குறித்து வாங்குவது? நிலாவும், தண்ணீரின் சூடும், மழைத்தண்ணீர் கலந்து உப்பு ஏறி இறங்குவதும்தான் அவற்றுக்குப் பஞ்சாங்கம்.

பத்து லட்சம் முட்டை இருந்தும் ஏன் குறைகிறது?

இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த இடத்தை மறக்காமல் படியுங்கள். பத்து லட்சம் முட்டை விடுகிற பிராணி எப்படி அழியும் என்று அந்தக் கூட்டத்திலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

விந்து தண்ணீரில் விழுந்த நொடியிலிருந்து கரைந்து பரவிக்கொண்டே போகிறது. ஒரு குடம் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டால் கலங்கும். அதே சொட்டைக் கண்மாயில் விட்டால் யாருக்குத் தெரியும்? பெண் அட்டை பக்கத்தில் இருந்தால் அடர்த்தியான விந்து முட்டையைச் சேரும். தூரத்தில் இருந்தால் வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது. முட்டையும் ரொம்ப நேரம் காத்திருக்காது, சில மணி நேரத்தில் கெட்டுவிடும். ஆக, அட்டை எத்தனை இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

ஒரு ஊர்க் கடலில் நூறு அட்டை நெருக்கமாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் எண்பதை எடுத்துவிட்டோம். மீதி இருபது இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கிறது. நூறு பேர் போட்ட முட்டையில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்கும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அட்டைக் கணக்கு அப்படி வராது. அந்த இருபதும் நேரத்துக்கு முட்டை விடும், விந்து விடும், ஆனால் ஒன்றை ஒன்று சந்திக்காமல் அத்தனையும் வீணாகப் போகும். நடந்து போய்ச் சேரவும் அதனால் முடியாது. ஒரு நாள் முழுக்க ஊர்ந்தாலும் சில மீட்டர்தான் நகரும். பார்வைக்கு அட்டை இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் குஞ்சு பிறப்பதில்லை. இருக்கிற கிழடு ஒவ்வொன்றாகச் செத்ததும் இடம் காலியாகிவிடும். "எங்க காலத்துல கெடந்துச்சே" என்று அந்த மூத்த உறுப்பினர் கேட்டாரே, அதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சாலமன் தீவுகளில் ஆராய்ந்தவர்கள், முட்டை விடும் காலம் நெருங்கும்போது வெள்ளை அட்டைகள் ஜோடியாகவும் கூட்டமாகவும் வந்து சேர்வதைக் கவனித்திருக்கிறார்கள். அதாவது, எடுக்கிறவர் கைக்கு ஒரே இடத்தில் அதிகம் சிக்குகிற சமயமும் அதுவேதான். "இன்னைக்கு நல்ல பாடு" என்று சந்தோஷப்படுகிற நாள், ஒரு கல்யாணப் பந்தலையே அள்ளிக்கொண்டு வந்த நாளாக இருக்கக்கூடும். பெரிய அட்டைக்குத்தான் விலை அதிகம், முட்டை அதிகம் விடுவதும் அதுதான். சந்தை தேடுவது தாயைத்தான்.

கருவிலிருந்து அட்டை வரை

முட்டையும் விந்தும் சந்தித்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். நம் கர்ப்பத்துக்குப் பத்து மாதம், இதற்கு எல்லாமே நாள் கணக்கு. இரண்டாம் நாளே கரு ஒரு குட்டிப் பிராணியாகி, கண்ணாடி மாதிரி மிதக்கத் தொடங்கும். அதன் உருவம் காதுமடல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதால் 'சின்னக் காது' என்று பொருள்படும் ஆரிகுலேரியா என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதற்கு ஆகாரம். நன்றாகத் தின்று வளர்ந்தும் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மீன் குஞ்சுகளும் மற்றவையும் இதைத் தின்று தீர்ப்பது இந்தச் சமயத்தில்தான். பத்து லட்சத்தில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

பத்துப் பதினைந்து நாளில் உருவம் மாறும். காதுமடல் சுருங்கிப் பீப்பாய் மாதிரி ஆகும். இந்தச் சமயத்தில் அது சாப்பிடாது, தங்குவதற்கு இடம் தேடும். தேடுவது மணலை இல்லை, கடல்புல்லின் இலையை. நம் பக்கத்தில் தாழை என்கிறோமே, அதுதான். அந்த இலை மேல் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசியின் வாடைதான் அதை இழுக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்டு ஐந்து குட்டி உணர்கொம்புகள் முளைத்ததும் முதல் தடவையாக அட்டை ஜாடை வரும். சுமார் ஒரு மாதம் இலையே அதற்குத் தொட்டில். துவரம்பருப்பு அளவுக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ வளர்ந்த பிறகுதான் இலையை விட்டு இறங்கி மணலுக்குப் போகும். பகலில் மணலுக்குள் புதைந்து, இரவில் வெளியே வந்து மேயும்.

கரையோரம் இழுவைமடி ஓட்டித் தாழையை வேரோடு பிடுங்குவதைப் பற்றி மீனவர் கூட்டங்களில் சண்டை வருவதை நாம் கேட்டிருக்கிறோம். இறாலும் நண்டும் ஒதுங்குகிற இடம் என்று ஆண்கள் பேசுவார்கள். அந்தப் பட்டியலில் அட்டையின் தொட்டிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் சினைக்காலம்?

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்கிற வேலை சமையல்கட்டு வேலை மாதிரித்தான். மாதா மாதம் சில அட்டைகளை அறுத்து, உடம்பின் எடையையும் சினைக்கொத்தின் எடையையும் தனித்தனியாக நிறுத்து எழுதுவார்கள். கொத்து மாதத்துக்கு மாதம் கனத்துக்கொண்டே வந்து திடீரென்று ஒரு மாதம் வற்றிப் போயிருந்தால், அதற்கு இடையில் முட்டை விட்டுவிட்டது என்று அர்த்தம். மீன் அரியும்போது சினை பார்த்து "இது காலமாச்சு" என்று நாம் சொல்வதும் அதே கணக்குத்தான்.

நம் பக்கத்து வெள்ளை அட்டையைப் பற்றி 1967-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஜூலையிலும் அக்டோபரிலுமாக வருடத்துக்கு இரண்டு தடவை முட்டை விடுவதாகச் சொன்னது. பின்னாளில் தூத்துக்குடிப் பக்கம் குஞ்சு பொரிப்பு வேலை செய்தவர்கள் மார்ச் முதல் மே வரையிலான கோடையை முக்கியமான காலமாகவும், ஆண்டின் பின்பகுதியில் இன்னொரு சிறு காலத்தையும் கண்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று தோன்றும். ஒரே மழை எல்லா ஊரிலும் ஒரே நாளில் பெய்வதில்லை, ஒரே மாதிரியும் பெய்வதில்லை. கடல் சூடும் உப்பும் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும்போது அட்டையின் நாளும் மாறுகிறது. இரண்டு ஆய்விலும் பொதுவாக இருப்பது, வருடத்தில் இரண்டு உச்சம் என்பதுதான்.

மற்ற நாடுகளிலும் இந்தக் கதைதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வருடம் முழுக்கத் தண்ணீர் சூடாகவே இருக்கும் இடங்களில், எந்த மாதம் பார்த்தாலும் சில அட்டைகள் சினையோடு இருக்கும். பிலிப்பைன்ஸ் அப்படி. ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக முட்டை விடும் காலம் சுருங்கிக் கோடைக்குள் அடங்கும். மடகாஸ்கர் தீவின் தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அந்த மாதங்கள்தான் அங்கே கோடை.

எல்லா அட்டையும் கோடையில்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நியூ கலிடோனியா என்று ஒரு தீவு இருக்கிறது. பக்கவாட்டில் காம்பு காம்பாக முடிச்சு உள்ள பெரிய அட்டையில் அங்கே கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு வகை உண்டு. வெள்ளை வகை நவம்பர் முதல் ஜனவரி வரை, அந்த ஊர்ச் சூட்டில் முட்டை விடுகிறது. கருப்பு வகையோ ஜூன் முதல் செப்டம்பர் வரை, குளிரில். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சீசன் தலைகீழ். ஆகையால் "இந்த இரண்டு மாதம் மட்டும் எடுக்காமல் இருந்தால் போதும்" என்று எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே சட்டம் போடுவது லேசான காரியம் இல்லை.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது தெரிந்ததுதானே. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக்கினார்கள். அது மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்தது. கோடையில் முட்டை விடும் அட்டைக்கும் அதில் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. ஆனால் அட்டையின் வருடத்தில் அது ஒரு துண்டுதான்.

வெட்டினால் இரண்டாகுமா?

இப்படி ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. பாதி உண்மை. உடம்பு முழுக்கக் கருப்பாக, மேலே மணலைப் பூசிக்கொண்டு கிடக்கும் அட்டை ஒன்று உண்டு. அது முட்டையும் விடும், தானாகவே நடுவில் முறுக்கிக்கொண்டு இரண்டு துண்டாகவும் பிரியும். தலைத் துண்டுக்கு வால் முளைக்கும், வால் துண்டுக்குத் தலை முளைக்கும். ஆஸ்திரேலியப் பவளப்பாறைப் பக்கம் இந்த மாதிரி வகைகள் கோடையில் முட்டை விட்டு, குளிர்காலத்தில் அதிகமாகப் பிளப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது தானாகச் செய்துகொள்வது. நாம் கத்தியால் வெட்டிப் போட்டால் செத்துப்போகும் வாய்ப்புத்தான் அதிகம். வெள்ளை அட்டை இப்படிப் பிளந்து பெருகுவதும் இல்லை, அதற்கு முட்டை வழி ஒன்றுதான்.

குடலைக் கக்கினாலும் பிழைக்கும் என்பது மட்டும் நிஜம். பயந்தாலோ வெயிலில் கிடந்தாலோ குடலை வெளியே தள்ளிவிடும். தண்ணீருக்குள் திரும்பப் போய்விட்டால் சில வாரங்களில் புதுக் குடல் வளரும். அது வளரும் வரை சாப்பாடு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அட்டையை அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்து, காய வைத்துச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புவது நம் கரையில் பழைய தொழில். சங்கு குளிக்கிற ஆட்கள் அட்டையும் எடுப்பார்கள். வரத்து குறைந்து, குட்டி அட்டையையும் விடாமல் எடுக்கவே, 1982-ல் மத்திய அரசு 3 அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடை போட்டது. அதனால் பெரிய பலன் இல்லை. 2001-ல் எல்லா வகைக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, காய வைத்துக் கொடுப்பது, வாங்குவது, விற்பது எல்லாமே குற்றம். 3 முதல் 7 வருடம் வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இந்தத் தடையால் அட்டையை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. அதை நாங்கள் மறைத்துப் பேச விரும்பவில்லை. மாற்றுத் தொழில் கொடுக்காமல் தடை போட்டார்கள் என்ற மனக்குறை கரையில் இன்னும் இருக்கிறது, அது நியாயமான குறைதான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி அட்டை பிடிக்கலாம், பண்ணையும் வைக்கலாம். அதனாலேயே இங்கே திருட்டுத்தனமாக எடுத்து அங்கே கடத்துவது நடக்கிறது. பிடிபடும்போது மாட்டுவது பெரும்பாலும் படகில் போன பையன்களும் வீட்டில் காயவைத்த பெண்களும்தான். காசு போட்டவரைத் தேடினால் இருக்க மாட்டார்.

"எடுக்கத்தானே கூடாது, வளர்க்கலாமில்ல?" என்று பலர் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று: இந்தியாவில் முதன்முதலாக வெள்ளை அட்டைக் குஞ்சு பொரித்தது நம் தூத்துக்குடியில்தான். 1988-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் டி.பி. ஜேம்ஸ் குழுவினர் செய்தார்கள். தாய் அட்டைகளைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரின் சூட்டைச் சில டிகிரி ஏற்றினால், கோடை வந்துவிட்டது என்று ஏமாந்து முட்டை விட்டுவிடும். அந்தச் சூத்திரத்தை வைத்துப் பல நாடுகளில் இன்று குஞ்சு பொரிக்கிறார்கள். மடகாஸ்கரில் மீனவக் குடும்பங்கள், பெண்களும் சேர்ந்து, கடலில் பட்டி கட்டி வெள்ளை அட்டை வளர்த்து விற்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் அட்டை முதல் அட்டவணையில் இருக்கிற வரை, தனியாரோ குழுவோ தொழிலாக வளர்த்து விற்க வழி இல்லை. 'அட்டைப் பண்ணையில் பங்கு' என்று யாராவது குழுவிடம் பணம் கேட்டு வந்தால், அரசாங்க அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அத்தோடு போய்விடுவார்.

கையில் வந்துவிட்டால்?

பாசி எடுக்கும்போது காலில் தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். வலையில் தானாக வந்துவிட்டால் வெயிலில் போட்டு வைக்காமல் உடனே தண்ணீரில் விட வேண்டும். தூக்கி எறியாமல், முடிந்தால் தாழை உள்ள ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று கிடைத்தால் ஒன்றை ஒன்று பிரித்து வீசாமல் ஒரே இடத்தில் விடுங்கள். ஏன் என்று மேலே படித்திருக்கிறீர்கள்.

பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அக்காவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காக 2015-ல் அவருக்கு அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, கடல் தன்னைத் தேற்றிக்கொள்ள மீதி நாளை விட்டுவிடுவது என்று அந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அட்டை விஷயத்தில் நம் கைக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது நம் குழுவின் கையில்தானே இருக்கிறது.

அந்தக் கடன் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் நாங்கள் சொல்லி முடித்ததும் அந்த உறுப்பினர் தாமாகவே மனுவை வாங்கிக்கொண்டார். பதிலாக நண்டு வலைக்கு 12,000 ரூபாய் கேட்டு எழுதிக் கொடுத்தார். குழு ஒப்புக்கொண்டது, இதுவரை இரண்டு தவணை கட்டியிருக்கிறார். முதல் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த இளம்பெண் மட்டும் விடவில்லை. "சினைப் பிடிச்ச நண்டு வந்தா அதையும் விடணுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். அதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.